தையலுக்கும் நாக்குக்கும் நடுவே

பெண் நாய்க்குச் செய்யப்படும் கருத்தடை அறுவை பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. மயக்கம் முழுதாகத் தெளியாமல், தள்ளாடியபடி வீட்டுக்குள் நுழையும் நாயின் அடிவயிற்றில் முடி மழிக்கப்பட்டிருக்கும். நடுவே சில அங்குல நீளத்துக்குத் தையல். வீட்டார் கையில் மாத்திரைச் சீட்டும் ஒரு பிளாஸ்டிக் கூம்பும் இருக்கும். நல்லபடியாக முடிந்துவிட்டது என்ற நிம்மதியும் இருக்கும். ஆனால் மேசைமேல் நடந்தது வேலையின் முற்பகுதி மட்டுமே. பிற்பகுதி 10 முதல் 14 நாட்கள் நீளமானது. அது கூடத்திலும் கட்டிலுக்கடியிலும் வாசற்படியிலும் நடக்கிறது. அதைச் செய்ய வேண்டியவர்கள் வீட்டில் இருப்பவர்கள். கிருமி நீக்கிய அறையில், கையுறை அணிந்து, வேகவைத்த கருவிகளால் போடப்பட்ட தையல் அந்த நாட்களில் கெட்டுப்போனால், அதற்குப் பெரும்பாலும் காரணம் காயத்துக்குச் சொந்தமான பிராணியின் நாக்கும் பல்லும்தான். அந்த நாக்கைக் காயத்திடம் அண்டவிடாமல் வைப்பதே வீட்டுப் பராமரிப்பின் மையம் என்பதும், களிம்பும் மஞ்சளும் சூப்பும் அதற்கு அடுத்த வரிசையில்தான் வர வேண்டும் என்பதும் இந்தக் கட்டுரை சொல்ல வரும் செய்தி.

தையலுக்கு அடியில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் இதன் நியாயம் விளங்கும். வயிற்றைத் திறந்து செய்த அறுவையில் நம் கண்ணுக்குத் தெரிவது தோலின் தையல் மட்டும். அதற்குக் கீழே கொழுப்புப் படலத்தில் ஒரு தையல், இன்னும் கீழே வயிற்றுச் சுவரை இழுத்துப் பிடிக்கும் தையல் என்று இரண்டு அடுக்குகள் இருக்கின்றன. குடல் வெளியே வராமல் தாங்குவது அந்த ஆழத்துத் தையல்தான். வெட்டிய ஓரங்களை ஒட்டவைத்த சில மணி நேரத்தில் இரத்தத்தில் உள்ள ஃபைப்ரின் என்ற புரதம் பசைபோல உறைந்து இடைவெளியை அடைக்கிறது. ஒன்றிரண்டு நாட்களில் மேல்தோலின் செல்கள் இரு கரைகளிலிருந்தும் நகர்ந்து வந்து ஒரு மெல்லிய மூடியைப் போடுகின்றன. பார்ப்பவர்களுக்குக் காயம் ஒட்டிக்கொண்டதாகத் தோன்றும். ஆனால் அந்த மூடிக்கு வலு கிடையாது. வலுவைத் தருவது கொலாஜன் என்ற நார்ப்புரதம். அதை நெய்யும் செல்கள் காயத்துக்கு வந்து சேரவே மூன்று நாட்களுக்கு மேல் ஆகும். அதுவரை இரு கரைகளையும் பிடித்து வைத்திருப்பது நூல் மட்டுமே. தோல் காயங்களை இழுத்துப் பார்த்துச் செய்த ஆய்வுகளின்படி, மூன்று வாரம் கழிந்த பிறகும் ஆறிய இடத்துக்குப் பழைய தோலின் வலுவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் வந்திருக்கும். மாதங்கள் கடந்தாலும் அது 80 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. பூனைக்கு இன்னும் பொறுமை வேண்டும். 2004இல் வெளிவந்த ஓர் ஒப்பீட்டு ஆய்வில், தையல் போட்ட ஏழாம் நாள் பூனையின் காயத்துக்கு நாயின் காயத்தைவிடப் பாதி வலுவே இருந்தது தெரியவந்தது.

இங்கேதான் நம் வீடுகளில் வேரூன்றிய ஒரு நம்பிக்கை குறுக்கே வருகிறது: நாய் தன் புண்ணைத் தானே நக்கி ஆற்றிக்கொள்ளும், அதன் எச்சிலே மருந்து. இதை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவது சரியல்ல; இதற்கு நீண்ட வரலாறும் ஓரளவு அறிவியலும் உண்டு. பண்டைய கிரேக்கத்தில் மருத்துவக் கடவுளான அஸ்க்லிப்பியஸின் கோயில்களில் நாய்கள் வளர்க்கப்பட்டன. எபிடாரஸ் என்ற ஊரின் கோயிலில் கிடைத்த கல்வெட்டுகள், நாய் நக்கியதால் நோயாளிகள் குணமானதாகப் பதிவு செய்திருக்கின்றன. ஸ்டான்லி கோஹன், ரீட்டா லெவி மொன்டல்சினி இருவருக்கும் 1986இல் நோபல் பரிசு பெற்றுத்தந்த வளர்ச்சிக் காரணிகள் ஏராளமாகக் கிடைத்த இடம் எலியின் உமிழ்நீர்ச் சுரப்பிதான். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த பெஞ்சமின் ஹார்ட்டும் கேரன் பவலும் 1990இல் நாயின் எச்சிலை நேரடியாகச் சோதித்தார்கள். ஈ.கோலை என்ற குடல் கிருமியையும், நாய்களைத் தாக்கும் ஒருவகை ஸ்ட்ரெப்டோகாக்கஸையும் அது கொன்றது. இதை மட்டும் கேட்டால் பாட்டி சொன்னது சரிதான் என்று முடித்துக்கொள்ளத் தோன்றும். ஆனால் அதே ஆய்வில் ஸ்டெஃபைலோகாக்கஸ், சூடோமோனாஸ் என்ற இரு கிருமிகளுக்கு எதிராக எச்சிலின் வேலை பொருட்படுத்தத்தக்கதாக இல்லை. நாய்களின் அறுவைக் காயங்களில் சீழ் பிடிக்கவைக்கும் முதன்மைக் குற்றவாளி ஸ்டெஃபைலோகாக்கஸ் இனத்தைச் சேர்ந்தது. அது நாயின் தோலிலும் வாயிலும் மூக்கிலும் ஏற்கெனவே குடியிருப்பது. எளிதாகச் சாகும் கிருமிகளைக் கொன்றுவிட்டு, சாகாததைக் காயத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது எச்சில்.

அதைவிட ஆழமான காரணம் ஒன்று உண்டு. நக்கும் பழக்கம் எந்தக் காயத்துக்காக உருவானது என்று யோசித்துப் பாருங்கள். சண்டையில் பிற நாய் கடித்த காயம், முள்வேலி கிழித்த காயம் இவையெல்லாம் வாய் திறந்தவை. உள்ளே மண், முடி, செத்த சதை கிடக்கும். அவற்றை நாவால் வழித்து எடுத்தால் காயம் அடியிலிருந்து சதை வளர்ந்து மெல்ல மூடும். தண்ணீரும் பஞ்சும் இல்லாத காட்டில் நாக்கைத் தவிர வேறு வழியும் இல்லை. அறுவைக் காயம் இதற்கு நேர் எதிரானது. அது கத்தியால் நேராகப் பிளந்தது, சுத்தமானது, கரையோடு கரை சேர்த்து மூடப்பட்டது. வழித்தெடுக்க உள்ளே எதுவும் இல்லை. இயற்கையில் இப்படியொரு காயமே கிடையாது. மனிதர்கள் உண்டாக்கிய காயம் இது. நாய்க்கு இந்த வேறுபாடு தெரியாது. வயிற்றில் ஏதோ வலிக்கிறது, மழித்த இடத்தில் முடி முளைக்கும்போது அரிக்கிறது, நூலின் முனை உறுத்துகிறது. திறந்த புண்ணுக்குச் செய்வதையே அது மூடிய காயத்துக்கும் செய்கிறது. மனிதர் உண்டாக்கிய காயத்தை மனிதர்தான் காக்க வேண்டும் என்பது அதனால்தான். இந்த வேலையை இயற்கையிடம் ஒப்படைக்க முடியாது.

ஒப்படைத்தால் நடப்பது இதுதான். முதலில் ஈரம். ஃபைப்ரின் மூடி எச்சிலில் ஊறி இளகுகிறது. ஊறிய தோல் வெளிறி மென்மையாகி, வாயிலுள்ள கிருமிகள் தையல் துளைகள் வழியே உள்ளே இறங்குகின்றன. அடுத்து உராய்வு. பூனையின் நாக்கைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அது உப்புத்தாள்போல் சொரசொரப்பது தெரியும். கெரட்டின் என்ற, நகத்துக்குரிய பொருளாலான நூற்றுக்கணக்கான கொக்கிகள் அதில் தொண்டையை நோக்கி வளைந்து நிற்கின்றன. சிக்கான முடியைக் கோதிப் பிரிக்கும் சீப்பு அது. விழித்திருக்கும் நேரத்தில் ஏறக்குறைய கால்பங்கைப் பூனை தன்னைச் சுத்தம் செய்வதிலேயே செலவிடுகிறது. அந்தச் சீப்பு புதுத்தோலின் மேல் ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஓடும் என்று நினைத்துப் பாருங்கள். கடைசியாகப் பல். நாய் தையலை முன்பற்களால் கொறித்து, ஒட்டுண்ணி பிடிப்பதுபோல் ஒவ்வொன்றாகப் பிடுங்கும். நுனித் தையல் ஒன்று போனால் மற்றவை தளர, சில நிமிடங்களில் தோல் திறந்துகொள்ளலாம். மிக மோசமான நிலையில் அடிச்சுவரும் பிரிந்து குடல் வெளியே வருகிறது. அப்படி நேர்ந்தால் உள்ளே தள்ள முயலக் கூடாது. சுத்தமான துணியைக் காய்ச்சி ஆறிய நீரில் நனைத்து மூடி, நாய் வாய் வைக்காமல் தலையைப் பிடித்துக்கொண்டு, அந்த நிமிடமே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.

இத்தனைக்கும் எதிரே நிற்கும் தடுப்பு, ஈ-காலர் என்றும் கோன் என்றும் கடைகளில் சொல்லப்படும் அந்தப் பிளாஸ்டிக் கூம்புதான். இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத் ராணி காலத்து மேட்டுக்குடியினர் கழுத்தைச் சுற்றி அணிந்த விறைப்பான மடிப்புத் துணியை ஒத்திருப்பதால் அவர் பெயரே இதற்கு வந்தது. இதைப் பார்த்ததும் எழும் எதிர்ப்பு, இது வதை என்பது. அந்த எதிர்ப்பை நான் மதிக்கிறேன். ஆதாரமும் அதன் பக்கம் இருக்கிறது. சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வில், நாய், பூனை வளர்க்கும் 434 பேரிடம் கூம்பு அணிந்த நாட்களைப் பற்றிக் கேட்டார்கள். 77.4 சதவீதத்தினர் தங்கள் பிராணியின் வாழ்க்கைத்தரம் அந்த நாட்களில் குறைந்ததாகச் சொன்னார்கள். தண்ணீர் குடிக்க முடியவில்லை, விளையாட முடியவில்லை, கழுத்து உராய்ந்து புண்ணானது, கதவிலும் சுவரிலும் முட்டிக்கொண்டது என்று பட்டியல் நீண்டது. நாய்க்குக் காதும் மூக்கும்தான் உலகம். கூம்பு பக்கவாட்டுப் பார்வையை மறைக்கிறது, ஓசையின் திசையைக் குழப்புகிறது, தன் மூச்சின் சூட்டையே முகத்தில் திருப்புகிறது. சித்திரை வெயிலில், பெரும்பாலும் மூச்சிரைப்பாலேயே உடற்சூட்டைத் தணிக்கும் பிராணிக்கு இது சின்னத் துன்பமல்ல.

ஆனால் அந்த ஆய்வு எதை நிறுவுகிறது? கூம்பு துன்பம் தருகிறது என்பதை. கூம்பு தேவையில்லை என்பதை அது நிறுவவில்லை. தராசின் மறுதட்டில் இருப்பது மறுபடி மயக்க மருந்து, மறுபடி கத்தி, அழற்சியால் வீங்கி நூலைத் தாங்காத தோலில் மறுபடி தையல், பிறகு மறுபடி அதே கூம்போடு இன்னும் இரண்டு வாரம். இரக்கத்தால் மூன்றாம் நாள் கூம்பைக் கழற்றுகிறவர் நாயின் துன்பத்தைக் குறைப்பதில்லை. எனவே கேள்வி, போடலாமா வேண்டாமா என்பதல்ல. துன்பம் குறைவாக இருக்கும்படி எப்படிப் போடுவது என்பதே. இதில் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது, பெரும்பாலும் செய்யப்படுவதில்லை. அறுவைக்கு நான்கைந்து நாள் முன்பே கூம்பை வாங்கி, பிடித்த தின்பண்டத்தை அதற்குள் வைத்துக் கொடுத்துப் பழக்கலாம். மயக்கம் தெளிந்து விழிக்கும்போது அறிமுகமில்லாத பொருள் கழுத்தில் இருந்தால்தான் மிரட்சி அதிகம். கூம்பின் விளிம்பு மூக்கு நுனியைத் தாண்டி இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீண்டிருக்க வேண்டும். கழுத்துப் பக்கம் இரண்டு விரல் நுழையும் தளர்வு வேண்டும். சாப்பாட்டுத் தட்டைச் சிறியதாக்கி, ஒரு பலகைமேல் உயர்த்தி வைத்தால் கூம்போடே உண்ண முடியும். முடியாத பிராணிக்குச் சாப்பிடும் நேரத்தில் மட்டும் கழற்றி, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து, முடிந்ததும் உடனே மாட்டிவிடலாம். தினமும் ஒருமுறை விளிம்பில் படிந்த சோற்றைத் துடைத்து, கழுத்துத் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பிளாஸ்டிக் கூம்பு மட்டுமே வழி என்பதும் இல்லை. அடிவயிற்றுக் காயத்துக்கு, கால் நுழையத் துளையுள்ள பருத்திச் சட்டை நன்றாகவே உதவுகிறது. அறுவைக்குப் பின் அணிவதற்கென்றே தைத்து விற்கிறார்கள், பழைய டி-ஷர்ட்டில் வால் நுழைய வழி வெட்டியும் தயாரிக்கலாம். பூனைகள் பல கூம்பைவிட இதை எளிதாக ஏற்கின்றன. ஆனால் சட்டை எச்சிலைத் தடுக்காது. விடாமல் நக்குகிற நாய் துணியின் மேலேயே நக்கி அதை நனைத்துவிடும், சிறுநீரும் படும், வியர்வையும் புழுக்கமுமான ஊர்களில் ஈரத்துணி காயத்தில் ஒட்டிக்கிடப்பது, காயத்தைக் கிருமிக்கு ஊறப்போடுவதற்குச் சமம். இரண்டு மூன்று சட்டைகள் இருந்து, நனைந்த உடனே மாற்றினால்தான் இந்த வழி சரிப்படும். காற்றடைத்த வளையம் பார்க்க வசதியாகத் தெரியும். குட்டைமூக்குள்ள பக் நாய்க்குப் போதலாம், மூக்கு நீண்ட நாய் அதைத் தாண்டி எட்டிவிடும். நம் மண்ணின் சிப்பிப்பாறை, கன்னி நாய்களிடம் வேறொரு சிக்கல்: தலை ஒடுங்கியது, கழுத்து நீண்டது, எந்தக் கூம்பும் காதைத் தாண்டி வழுக்கி விழும். அவற்றுக்குக் கூம்பின் அடிவளையத்தில் நாடாவைக் கோத்து, மார்புப் பட்டையோடு சேர்த்துக் கட்ட வேண்டும். காலில் காயமென்றால் சட்டை பயனற்றது. கட்டு போட்டால் போதும் என்று நினைப்பதும் தவறு. ஈரமான கட்டு அழுக்கை உறிஞ்சும், இறுகினால் இரத்த ஓட்டம் தடைப்பட்டுப் பாதம் வீங்கிக் குளிரும். கடித்து விழுங்கிய கட்டுத்துணி குடலை அடைக்கும். வீட்டில் இன்னொரு நாயோ பூனையோ இருந்தால் அதன் நாக்கையும் கணக்கில் எடுக்க வேண்டும். பாசத்தோடு வந்து நக்குகிற தோழனை நோயாளியின் கூம்பு தடுக்காது. இரண்டையும் வேறு வேறு அறையில் வைப்பதைத் தவிர வழியில்லை.

இந்த இடத்தில் வலுவான ஒரு மறுப்பு வரும். தெருநாய்களுக்கு யார் கூம்பு மாட்டினார்கள்? சென்னையில் 1959இல் தொடங்கப்பட்ட புளூ கிராஸ் அமைப்பு, தெருநாய்களைப் பிடித்துக் கருத்தடை செய்து பிடித்த இடத்திலேயே விடும் முறையை 1960களிலேயே தொடங்கியது. பின்னர் அந்த முறையே 2001இல் மத்திய அரசின் விதியானது, 2023இல் புதிய விதிகளாகத் திருத்தி எழுதப்பட்டது. இத்தனை ஆண்டுகளில் எண்ணற்ற நாய்கள் கூம்பே இல்லாமல் ஆறித்தானே திரிகின்றன என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அங்கே கூம்பின் வேலையை வேறு சில ஏற்பாடுகள் செய்கின்றன. நாய் அறுவையான அன்றே தெருவுக்குப் போவதில்லை; சில நாட்கள் தனிக் கூண்டில் அடைத்துக் கண்காணிக்கிறார்கள். ஓடவோ குதிக்கவோ அங்கே இடமில்லை. காயத்தை மிகச் சிறியதாக வைக்கிறார்கள். பல முகாம்களில் அடிவயிற்றில் திறக்காமல் விலாப்பக்கமாகத் திறக்கிறார்கள். தோலுக்கு வெளியே முடிச்சு தெரியாமல், தானே கரையும் நூலால் உள்ளுக்குள்ளேயே தைக்கிறார்கள். பிடுங்குவதற்கு வெளியே எதுவும் இல்லை. அதோடு, தெருவில் ஆறிய நாய் நம் கண்ணில் படுகிறது. ஆறாமல் எங்கோ ஒதுங்கிச் செத்த நாய் படுவதில்லை. தெருநாயிடமிருந்து நாம் கற்க வேண்டியது கூம்பைத் தூக்கியெறிவதை அல்ல. உள்தையல் போட முடியுமா என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்பதையும், நாயை அடக்கி வைப்பதையும்தான்.

அடக்கி வைப்பதுதான் இந்த இரண்டு வாரங்களில் மிகக் கடினமானது. முதல் நாள் நாய் சுருண்டு கிடக்கும். எல்லோரும் அக்கறையாக இருப்பார்கள். மூன்றாம் நாள் வலிமருந்தின் உதவியால் அது துள்ளத் தொடங்கும். குணமாகிவிட்டது என்று வீடே மகிழும். கொலாஜன் இன்னும் நெய்யப்படாத, காயம் முழுக்க நூலையே நம்பித் தொங்கும் நாளும் அதுதான். சோபாமேல் ஒரு தாவல், மாடிப்படியில் ஓர் ஓட்டம், கேட்டுக்கு வெளியே போகும் நாயைக் கண்டு ஒரு பாய்ச்சல் என ஒவ்வொன்றும் வயிற்றுத் தசையை இழுத்து ஆழத்துத் தையலில் சுமையை ஏற்றுகிறது. அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கினால் இடையில் நீர் கோத்துக் காயத்தருகே பந்துபோல் மெத்தென்ற வீக்கம் வரும். மலம், சிறுநீருக்குக் கயிற்றோடு ஐந்து நிமிடம் வெளியே அழைத்துப் போவது போதும். மற்ற நேரம் சிறிய அறை, தரையோடு படுக்கை. ஆற்றல் மிகுந்த இளநாய்க்கு வேலை கொடுக்காமல் அடைத்து வைப்பதும் கொடுமையே. சோற்றைச் சுருட்டிய துணிக்குள் ஒளித்துத் தேடவிடுவது, பெயர் சொன்னதும் திரும்பிப் பார்க்கப் பழக்குவது போன்ற மூளை வேலைகள் அதைக் களைப்பாக்கும். சலிப்பால் நக்குவதும் குறையும்.

மருந்துப் பெட்டியைவிட அஞ்சறைப் பெட்டிக்கு முதலில் கை போகும் வீடுகளுக்கு ஒரு சொல். மஞ்சளுக்கு மருத்துவக் குணம் உண்டு என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் சமையலறைத் தூளில் கிருமிகளின் வித்துகளும் தூசியும் இருக்கும். சுத்தமான மூடிய காயத்தில் அதைத் தூவுவது, இல்லாத அழுக்கைக் கொண்டுவந்து சேர்ப்பதாகும். அதன் நிறம் வேறு, காயம் சிவக்கிறதா என்ற மிக முக்கியமான அடையாளத்தை மறைத்துவிடுகிறது. தேங்காய் எண்ணெய் நாய்க்கு இனிய மணமுள்ள உணவு. தடவினால் நக்கத் தூண்டும், எறும்பையும் அழைக்கும். கற்பூரம் கலந்த எண்ணெய் நக்கப்பட்டு வயிற்றுக்குள் போனால் நஞ்சு. டெட்டாலும் தரை துடைக்கும் ஃபினாயிலும் பூனையின் உடலால் சிதைக்க முடியாத வேதிப்பொருள்களைக் கொண்டவை. அடிவயிற்றில் தையலோடு படுத்திருக்கும் பிராணியின் அறையை அந்த நாட்களில் வெறும் தண்ணீரால் துடைத்தால் போதும். எல்லாவற்றையும்விட ஆபத்தானது நம் மாத்திரை. காய்ச்சலுக்கு நாம் போடும் 500 மில்லிகிராம் பாரசிட்டமால் ஒன்றே ஒரு பூனையைக் கொல்லக்கூடும். அதன் கல்லீரலில் அந்த மருந்தை முறிக்கும் நொதி போதிய அளவு இல்லை. ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் இரண்டும் நாயின் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் சிதைக்கும். கால்நடை மருத்துவர் எழுதிய வலிமருந்தை மட்டும், எழுதிய அளவில், எழுதிய நாள் வரை கொடுக்க வேண்டும். வலி அடங்கிய பிராணி குறைவாக நக்கும் என்பதால் இதுவும் காயத்துக்கான காவலில் சேரும்.

நம் தட்பவெப்பத்தில் இன்னொரு பகைவனும் உண்டு. குளிர்நாட்டுக் குறிப்புகள் ஈயைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. நமக்கு அது அன்றாட விஷயம். கிரிசோமியா பெசியானா என்ற ஈ இந்தியா முழுதும் உண்டு. உயிருள்ள சதையைத் தின்னும் புழுவின் தாய் அது. காயத்தின் ஓரத்தில் ஒரே தடவையில் நூறு இருநூறு முட்டை இடும். ஒரே நாளில் புழு வெளிவந்து சதைக்குள் துளைத்துக்கொண்டு இறங்கும். வாய்விட்டுச் சொல்லத் தெரியாத பிராணியின் மடிப்புகளுக்குள் புழு வைத்ததை நாற்றம் வந்த பிறகே பலர் கண்டுபிடிக்கிறார்கள். எச்சிலும் நிணநீரும் ஊறிய காயத்தின் மணம்தான் ஈயை அழைக்கிறது. உலர்ந்து மூடிய காயத்தில் அதற்கு வேலை குறைவு. நாக்கைத் தடுப்பது ஈயையும் தடுப்பதாகும் என்பதைக் கவனியுங்கள். மழைக்காலத்தில் நாயை வலையடித்த சன்னலுள்ள அறையிலோ மின்விசிறிக்கு அடியிலோ வைப்பது, வெளித்திண்ணையிலும் மாட்டுக்கொட்டகை அருகிலும் படுக்கவிடாமல் இருப்பது, சாக்கை விட்டுத் தினமும் துவைத்த பருத்தித் துணியை விரிப்பது ஆகியவை போதுமான காவல். ஈ விரட்டும் மருந்து வேண்டுமானால் மருத்துவர் தருவதைக் காயத்தைச் சுற்றித் தடவலாம், காயத்தின் மேல் அல்ல.

கூம்பு எதற்கு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்பவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு. அவர்களின் அன்பில் குறையில்லை. ஆனால் மனிதர் தூங்குகிறார், குளிக்கிறார், தொலைபேசியில் பேசுகிறார். நாய்க்கு வேண்டியது ஐந்து நிமிடம். யாரும் பார்க்காத இரவிலும் தையல் பிரியலாம். கண்காணிப்பின் உண்மையான பயன் வேறு: காலையும் மாலையும் ஒரே வெளிச்சத்தில் காயத்தைப் பார்த்து, கைபேசியில் ஒரு படம் எடுத்து, நேற்றைய படத்தோடு ஒப்பிடுவது. முதல் இரண்டு மூன்று நாட்களில் ஓரங்களில் மெல்லிய சிவப்பும் சிறு தடிப்பும் இருக்கும். முதல் நாள் இளஞ்சிவப்பாக ஓரிரு துளி கசிவதும் இயல்பு. நான்காம் நாளுக்குப் பிறகு சிவப்பும் சூடும் கூடினால், மஞ்சளோ பச்சையோ கசிந்தால், நாற்றம் அடித்தால், ஓரங்கள் விலகி உட்சதை தெரிந்தால், வீக்கம் நாளுக்கு நாள் பெருத்தால், ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமலோ திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தோ சோர்ந்து கிடந்தால், அடுத்த நாளுக்குத் தள்ளிப்போடக் கூடாது. தொடர்ந்து இரத்தம் சொட்டினாலும் ஈறு வெளுத்துப் போனாலும் அது அந்த மணி நேரத்துக்கான அவசரம். வீட்டில் மிஞ்சியிருக்கும் பழைய ஆன்டிபயாட்டிக் மாத்திரையைக் கொடுத்துப் பார்ப்பது நோயை மறைக்குமே தவிரத் தீர்க்காது.

குளிப்பாட்டும் ஆசையையும் அந்த இரண்டு வாரம் அடக்கிக்கொள்ள வேண்டும். நாற்றம் பொறுக்கவில்லை என்றால் காயத்தைத் தவிர்த்து ஈரத்துணியால் துடைக்கலாம். வெளித்தையல் போட்டிருந்தால் 10ஆம் நாளுக்கும் 14ஆம் நாளுக்கும் இடையில் மருத்துவர் அதைப் பிரிப்பார். உள்தையலானாலும் அதே நாட்களில் ஒருமுறை காட்டிவிட வேண்டும். தையல் பிரித்த அன்றே கூம்பைக் கழற்றுவதும் அவசரம். நூல் போன இடத்தில் அரிப்பு இருக்கும், ஓரிரு நாள் கூடுதலாக வைத்திருப்பது நல்லது.

உங்கள் நாய்க்கோ பூனைக்கோ அறுவைக்கு நாள் குறித்திருந்தால், இன்றே மருத்துவரைக் கேளுங்கள்: எந்த அளவுக் கூம்பு, உள்தையலா வெளித்தையலா, எந்த வலிமருந்து எத்தனை நாள், இரவில் அவசரமென்றால் யாரை அழைப்பது. முதல் மூன்று இரவுகள் அதன் அருகே படுப்பது யார் என்பதை வீட்டில் இப்போதே முடிவு செய்யுங்கள். கூம்பை மாட்டிய பிறகு அது உங்களைப் பார்த்துக் கெஞ்சும், மூலையில் போய்ச் சுவரைப் பார்த்து நிற்கும், ஓரிரு வேளை சாப்பிட மறுக்கும். பெரும்பாலானவை இரண்டு மூன்று நாட்களில் பழகிக்கொள்கின்றன. அதுவரை கழற்றாதீர்கள்.